குறைமாதக் குழந்தைக்கு புரோபயாடிக்: பாட்டிலைத் திறப்பதற்கு முன்

எங்கள் மகள் சிங்கப்பூரில் 29 வாரத்தில் பிறந்தாள். எடை 1,180 கிராம். அவளை இன்குபேட்டரில் வைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை, குடும்ப வாட்ஸ்அப்பில் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. அண்ணி ஒருவர் ஏதோ புரோபயாடிக் சொட்டுகளின் படத்தை அனுப்பி, "வயித்துக்கு ரொம்ப நல்லது, இப்ப ஆர்டர் பண்ணா நாளைக்கே வந்துடும்" என்றார். மாமியார் ஊரிலிருந்து விமானம் ஏறும்போதே உரைமருந்துப் பொட்டலத்தோடுதான் ஏறினார். நான் மருத்துவர் இல்லை. எட்டு வாரம் என்ஐசியுவுக்கும் (பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வீட்டுக்கும் அலைந்த ஒரு அப்பா, அவ்வளவுதான். கேட்ட கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டியவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும்: குறைமாதக் குழந்தைக்கு புரோபயாடிக்கை நீங்களாக வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். மருத்துவமனையில் இருக்கும்போதும் சரி, வீட்டுக்கு வந்த பிறகும் சரி.

ஏன் இவ்வளவு கறார்? புரோபயாடிக் என்பது உயிருள்ள கிருமி. நல்ல கிருமிதான், ஆனால் உயிருள்ளது. நிறைமாதக் குழந்தையின் குடல் சுவர் அதைக் குடலுக்குள்ளேயே நிறுத்தி வைத்துக்கொள்ளும். 29 வாரக் குழந்தையின் குடல் சுவரோ இழை நெருங்காத துணி மாதிரி, கிருமி அதைத் தாண்டி இரத்தத்தில் கலந்துவிட்டால் எதிர்த்து நிற்கும் சக்தியும் அந்த உடம்பில் குறைவு. 2014ல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்குக் கொடுத்த புரோபயாடிக் தூளில் பூஞ்சைக் காளான் கலந்திருந்து, அந்தத் தொற்றிலேயே குழந்தை இறந்துபோனது. 2023ல் 1,000 கிராமுக்கும் குறைவான இன்னொரு குழந்தையும் இறந்தது. அதில் கலப்படம்கூட இல்லை, பொருளில் இருந்த பிஃபிடோபாக்டீரியம் என்ற அதே நல்ல கிருமிதான் இரத்தத்தில் பரவியிருந்தது என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது. இதற்குப் பிறகு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

சரி, இவ்வளவு ஆபத்து என்றால் சில மருத்துவமனைகள் ஏன் கொடுக்கின்றன?

என்இசி என்று தாதியர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குடல் வீங்கி, திசு அழுகி, சில சமயம் ஓட்டையே விழுந்துவிடும் நோய். 1,500 கிராமுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இது வருகிறது, வந்தால் அறுவை சிகிச்சை வரை போகலாம், உயிரையும் எடுக்கும். அறுவைப் பிரசவம், ஆன்டிபயாடிக், என்ஐசியு வாசம் எல்லாம் சேர்ந்து இந்தக் குழந்தைகளின் குடலில் நல்ல கிருமி குடியேறுவதற்குள் கெட்டது இடம் பிடித்துவிடுகிறது. புரோபயாடிக் கொடுத்து நல்லதை முந்தவைக்கலாம் என்பதுதான் யோசனை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,099 குழந்தைகளை வைத்து நடத்தி 2013ல் வெளிவந்த ஆய்வில், மூன்று வகைக் கிருமி கலந்த புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் என்இசி 2 சதவீதம், கொடுக்கப்படாதவர்களிடம் 4.4 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் பிரிட்டனில் 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் வேறொரு ஒற்றை வகையைக் கொடுத்துப் பார்த்து 2016ல் வந்த முடிவில் எந்தப் பலனும் இல்லை.

இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: "புரோபயாடிக் நல்லதா" என்ற கேள்வியே தப்பு. எந்தக் கிருமி என்றுதான் கேட்க வேண்டும். லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்று ஒரு கிருமி இருக்கிறது, அதில் கடைசி ஜிஜி அடையாள அட்டை எண் மாதிரி. அது இல்லாமல் வெறும் லாக்டோபாசிலஸ் என்று மட்டும் டப்பாவில் போட்டிருந்தால், ஊரில் முத்து என்று ஒருவரைத் தேடுகிற கதைதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022ல் சொன்னதும் அடக்கமாகத்தான் இருக்கிறது: 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு புரோபயாடிக்கைப் பரிசீலிக்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகக் கொடுப்பதை, முக்கியமாக 1,000 கிராமுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பதை, ஆதரிக்கவில்லை. பெரியவர்களே இரண்டு பக்கம் நிற்கும் விஷயத்தில் வாட்ஸ்அப் அண்ணி தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்போது பெற்றோர் என்ன செய்யலாம்? கேட்கலாம். மருத்துவர் காலையில் சுற்றி வரும் நேரத்தில் தயங்காமல் கேளுங்கள். இந்தப் பிரிவில் புரோபயாடிக் கொடுக்கிறீர்களா, எத்தனை வாரம், எந்த எடைக் குழந்தைக்கு? முழுப் பெயர் என்ன, ஒரு வகையா, கலவையா? ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் வேறு கிருமிக் கலப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்கப்பட்டதா? எப்போது நிறுத்துவீர்கள்? அப்புறம் நான் கேட்கத் தவறிய ஒன்று: குழந்தைக்குத் தொற்று என்று சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்தால், இவளுக்கு புரோபயாடிக் கொடுக்கப்படுகிறது என்று ஆய்வகத்துக்குத் தெரியுமா? தெரிந்தால்தான் அந்தக் கிருமியையும் தேடுவார்கள், பிஃபிடோபாக்டீரியம் காற்றில்லாத இடத்தில்தான் நன்றாக வளரும் என்பதால் சாதாரணச் சோதனையில் அது தப்பிவிடலாம். "நாங்கள் கொடுப்பதில்லை" என்று பதில் வந்தால் அது அலட்சியம் என்று நினைக்காதீர்கள். அதுவும் யோசித்து எடுத்த முடிவுதான்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய விஷயம் பால். இதை நான் முதலில் நம்பவில்லை, 2 மில்லியை வைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்தபடி அதிகம் இருக்கும் திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலி. குழந்தையால் அதை ஜீரணிக்கவே முடியாது. பிறகு எதற்கு இவ்வளவு இருக்கிறது? குடலில் இருக்கும் பிஃபிடோபாக்டீரியத்துக்குச் சாப்பாடு! ப்ரீபயாடிக் என்பது இதுதான், அதுவும் சீம்பாலில் மிக அதிகம். அதனால் பிரசவமான சில மணி நேரத்திலேயே பால் எடுக்க ஆரம்பிக்க வேண்டும், கையாலோ பம்ப்பாலோ, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, நடுராத்திரியிலும். என் மனைவி பம்ப் செய்வாள், நான் தேதி, நேரம் எழுதி ஒட்டி, ஐஸ் பேக் வைத்த பையில் போட்டு எம்ஆர்டி ரயிலில் கொண்டு போவேன். அப்பாக்களுக்கு இதைவிடப் பெரிய வேலை அந்த நாள்களில் கிடையாது.

பால் போதவில்லையா, மனம் உடைய வேண்டாம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017ல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி குறைமாதக் குழந்தைகளுக்கு தானப் பால் தருகிறது. அதை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவதால் உயிருள்ள கிருமிகள் போய்விடும், ஆனால் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் தாங்கும். பால்மாவு டின்னில் "ப்ரீபயாடிக் சேர்த்தது" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஜிஓஎஸ், எஃப்ஓஎஸ் என்ற வேறு சர்க்கரைகள். மலம் இளகும், பிஃபிடோ கொஞ்சம் கூடும், என்இசியைத் தடுக்கும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆசை வரும். கடையில் சொட்டுகள் வரிசையாக இருக்கும். சிங்கப்பூரில் சத்துத் துணைப்பொருள்களை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை, பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. அலமாரியில் இருக்கிறது என்பதாலேயே 2 கிலோ குழந்தைக்குச் சரி என்று ஆகிவிடாது. மருத்துவரே எழுதிக் கொடுத்தால், மருந்தகத்தில் நேரில் வாங்குங்கள். குளிரில் வைக்க வேண்டிய பொருள் நம் வெயிலில் பார்சலாக வாசலில் மத்தியானம் முழுக்கக் கிடந்தால் உள்ளே இருப்பது உயிரோடு இருக்குமா? சூடான பாலில் கலக்காதீர்கள், கலந்ததை மிச்சம் வைக்காதீர்கள்.

மாமியாருக்கு இதெல்லாம் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "அத்தை, உங்க மகளுக்குக் கொடுத்தப்போ அவ மூணு கிலோ" என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் வசம்பு, மாசிக்காய் எல்லாவற்றையும் மறுபடி பொட்டலம் கட்டினார். தேன், கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தயிர்த் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்குமே கூடாது, அதில் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம்.

வயிறு உப்பிக் கல் மாதிரி ஆவது, பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு நின்று நின்று வருவது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு, மூச்சில் கோளாறு என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. இரத்தம் தெரிந்த நாப்பியைப் பையில் கட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். யாராவது ஏதாவது கொடுத்திருந்தால், பாட்டியே கொடுத்திருந்தாலும், மறைக்காமல் சொல்லி அந்தப் பாட்டிலையும் மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்.