கிரிப்டோ வரி படித்துப் பேராசிரியர் ஆக நினைப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சட்டம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் இப்போது எல்.எல்.எம். (முதுகலைச் சட்டப் படிப்பு) ஆய்வுக்கே கிரிப்டோ வரியை எடுக்கிறார்கள். நல்ல துறைதான், ஆட்களும் குறைவு. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே பலர் வழுக்கி விழுகிறார்கள்.

“30 சதவீத வரி போட்டாச்சு, அப்போ கிரிப்டோ சட்டப்படி செல்லும்” என்று எழுதுவதுதான் அந்த வழுக்கல். 2022 நிதிச் சட்டம் சொன்னது வேறு: லாபத்தில் 30 சதவீத வரி, வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்ட முடியாது, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் 1 சதவீத டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி). வருமானம் நேர்வழியில் வந்ததா என்று வரிச் சட்டம் கேட்பதில்லை. வந்ததா என்றுதான் கேட்கும். அதேபோல 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை. கிரிப்டோவைப் பணம் என்று அது அறிவிக்கவில்லை. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்றது. வரி, கட்டுப்பாடு, சொத்துரிமை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒரே பத்தியில் மூன்றையும் குழப்பினால் தேர்வாளர் அங்கேயே பேனாவை எடுத்துவிடுவார்.

அடுத்தது, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு: கிரிப்டோவின் அடித்தளத் தொழில்நுட்பமான பிளாக்செயினிலிருந்து தொடங்குவது. தொழில்நுட்பத்துக்கு நாற்பது பக்கம், சட்டத்துக்குப் பத்துப் பக்கம். கடல் கடந்த பணத்துக்கு எந்த நாடு வரி போடலாம் என்ற வழக்கு செட்டிநாட்டுக்குப் புதிதா என்ன? ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று லேவாதேவி நடந்த காலத்தில் இது அன்றாடத் தலைவலி. 1950-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சுப்பையா செட்டியார் வழக்கை எடுத்துப் படியுங்கள். கூட்டுக் குடும்பத்தின் கர்த்தா (நிர்வகிக்கும் தலைவர்) இலங்கையில் இருந்தார். அந்தக் கணக்காண்டில் இங்கே வந்து தங்கியது மொத்தம் 101 நாள். குடும்ப நிர்வாகம் முழுக்க வெளிநாட்டில்தான் இருந்தது என்று நிரூபிக்க முடியாததால், குடும்பம் இங்கே வசிப்பதாகவே தீர்ப்பானது. இப்போது கூட்டுக் குடும்பத்தின் காயின்களுக்கான பிரைவேட் கீ (காயினைக் கையாளும் ரகசியச் சாவி எண்) சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம், முடிவெடுப்பது தேவகோட்டையில் அப்பச்சி (அப்பா) என்று வையுங்கள். கேள்வி அப்படியே நிற்கிறது. இதில் ஒரு முனைவர் பட்டமே இருக்கிறது. ஊரில் யார் வீட்டுப் பெட்டகத்திலாவது பழைய பேரேடும் (கணக்குப் புத்தகம்) ஐந்தொகையும் (சொத்து, கடன் நிலைக் கணக்கு) கிடைத்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டுக் கடைக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதற்கு நேரடிச் சான்று அது.

புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது: 536 பிரிவுகள், மதிப்பீட்டு ஆண்டுக்குப் பதில் வரி ஆண்டு. அதற்காக 1961 சட்டத்தைத் தூக்கிப் போடக் கூடாது. பழைய ஆண்டுகளின் வழக்குகள் அதன்படிதான் நடக்கும். பிரிவு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் கஷ்டம்.

அப்புறம் வேலை விஷயம். உதவிப் பேராசிரியருக்கு முதுகலையில் 55 சதவீதமும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு), நெட் அல்லது செட் (தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்) தேர்ச்சியும் வேண்டும். விதிகளின்படி பெற்ற முனைவர் பட்டம் இருந்தால் நெட் தேவையில்லை. நெட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்கள் பக்கம் போகவே வேண்டாம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரமான ஆய்விதழ்களுக்கான தன் கேர் பட்டியலை 2025-ல் கைவிட்டதால், இதழின் தரத்தை நீங்களேதான் சோதிக்க வேண்டும். வழக்கறிஞராக இருந்துகொண்டே ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்க அனுமதி உண்டு. முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

கல்யாண வீட்டுப் பந்தியில் “தம்பி, எந்தக் காயின் வாங்கலாம்?” என்று யாராவது கேட்பார்கள். வரி எவ்வளவு வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.