ஒருத்தனுக்கு மட்டும் தனித் தட்டு: பிள்ளைகளின் எடை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் எடை கூடிய பிள்ளைகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெற்றோரிடம் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் இவர்களும் சொதப்புகிறார்கள். பொரித்த கோழி, பபிள் டீ கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

"எங்க பரம்பரையே இப்படித்தான்"

பெற்றோர் இப்படிச் சொல்வது பாதி உண்மை. உடல் எடையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 40 முதல் 70 விழுக்காடு மரபணுவோடு தொடர்புடையது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. அது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. ஒரு பிள்ளையின் எடையில் தாத்தா கொடுத்தது எத்தனை கிலோ என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

2007இல் எஃப்டிஓ என்ற மரபணுவுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது. அதன் எடை கூட்டும் வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பெரியவர்கள் அந்த வகை அறவே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த வகை உள்ள பிள்ளைகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்த உணர்வு அவர்களுக்குக் குறைவாக இருந்தது. உடம்பு சக்தியைச் செலவழிப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் இந்த மரபணு தன் வேலையைக் காட்டுகிறது.

ஒருத்தனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஈசூனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அண்ணன் தொடக்கநிலை நான்கு, நல்ல பருமன். தம்பி ஒல்லி. புதிய சக ஊழியர் அண்ணனுக்கு மட்டும் ஓட்ஸ், அவித்த கோழி என்று பட்டியல் எழுதிக் கொடுத்தார். தம்பிக்கு வழக்கம்போல எல்லாம் உண்டு. அடுத்த முறை வந்தபோது எடை ஏறியிருந்தது. அம்மா கைப்பையைத் திறந்து, மெத்தைக்கு அடியில் கிடைத்த சாக்லேட் உறைகளை மேசையில் கொட்டினார். "திருடித் திங்கிறான் மிஸ்." பையன் தன் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுக்களைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். பசியைத் தூண்டும் வகைகள் ஒருவனுக்குக் கூடுதலாகவும் இன்னொருவனுக்குக் குறைவாகவும் வருவது இயல்பு. கூடுதலாகப் பசிக்கிறவனிடம் "நீ மட்டும் தொடாதே" என்று சொல்லிவிட்டு, டப்பாவை அவன் கண்ணெதிரே வைத்தால் என்ன நடக்கும்? பார்க்கும்படி வைத்துத் தடுத்த தின்பண்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை கூடுகிறது என்பதைப் பாலர் வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

தம்பி ஒல்லி என்பதாலும் நிம்மதி அடைய வேண்டாம். புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வந்தது. நம் குழந்தைகள் எடையில் வெகுவாகக் குறைவு, ஆனால் உடம்பின் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியான இந்தியப் பிள்ளைக்கும் அளவு தேவைதான்.

பிள்ளையைத் தனியே பிரித்து வைப்பதை இந்த ஊர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. பள்ளிகளில் 1992இல் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில் பருமனான மாணவர்களுக்கென்று தனி உடற்பயிற்சி. பருமன் விகிதம் குறையவே செய்தது. கேலியும் கூடவே வந்தது. 2007இல் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். அதைச் சாப்பாட்டு மேசையில் மறுபடி ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

பட்டியலை வீட்டுக்கே எழுதுங்கள். எல்லார் தட்டிலும் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ. ஞாயிறு காலை பிராட்டா என்றால் அப்பாவுக்கும் அதே இரண்டு கோசோங் (உள்ளே எதுவும் வைக்காத வெறும் பிராட்டா), சீனி தொட்டுக்கொள்வது யாருக்கும் இல்லை. தின்பண்ட டப்பா வீட்டை விட்டே போக வேண்டும். பாட்டியிடம் நீங்களே பேசுங்கள், மருமகளைப் பேச விடாதீர்கள். வெள்ளைக் கோட்டுக்குப் பாட்டிகள் கொஞ்சம் மரியாதை தருவார்கள்.

நியூட்ரி-கிரேட் எழுத்தை மட்டும் பார்ப்பது

பானங்களில் உள்ள சீனி, நிறைவுற்ற கொழுப்பு அளவைப் பார்த்துக் கொடுக்கும் ஏ முதல் டி வரையிலான எழுத்து அது. வீட்டில் கெட்டிப்பால் ஊற்றிக் கலக்கும் மைலோவுக்கு எழுத்து கிடையாது.

மரபணுச் சோதனை செய்து அதன்படி சமைப்பது

காசுக்குக் கேடு. 2018இல் வெளிவந்த ஸ்டான்ஃபர்ட் ஆய்வில் 609 பெரியவர்களை ஓராண்டு கவனித்தார்கள். குறைந்த கொழுப்பா, குறைந்த மாவுச்சத்தா, யாருக்கு எது ஒத்துவரும் என்பதை மரபணு வகை சொல்லவில்லை.

பெரியவர்களின் பிஎம்ஐ

பிஎம்ஐ என்பது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் கணக்கு. அதில் 23 என்ற எல்லை பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு வயதும் பாலினமும் பார்த்து வரைந்த வரைபடம்.

உண்மையான மரபணு நோயைத் தவறவிடுவது

அபூர்வம், ஆனால் உண்டு. ஐந்து வயதுக்குள்ளேயே கடும் பருமன், சாப்பிட்டு முடித்ததும் மறுபடி அடங்காத பசி, சில பிள்ளைகளுக்கு வளர்ச்சியிலும் தாமதம். 1997இல் பிரிட்டனில் இரண்டு குழந்தைகளுக்கு பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஹார்மோனை ஊசியாகக் கொடுத்த பிறகு பசி அடங்கியது, எடையும் இறங்கியது. பசியைக் கட்டுப்படுத்தும் எம்சி4ஆர் என்ற மரபணுவில் வரும் கோளாறு அதைவிடப் பரவலானது. இப்படி ஒரு பிள்ளை வந்தால் உணவுப் பட்டியலை நீட்டாதீர்கள், தாயைக் குறை சொல்லாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் குழந்தை நல நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள், அன்றைக்கே.