வெளி டிஸ்க்கிலிருந்து டெபியன் எழ மறுத்த கதை

வீட்டுக் கணினியின் டெபியனை (லினக்ஸ் இயங்குதளம்), டிஸ்க்கை முழுசாக நகலெடுக்கும் டிடி கட்டளையால் அப்படியே யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தேன். கோப்பெல்லாம் இருந்தும் எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவில் அது தலைகாட்டவே இல்லை, நாள்கணக்கில் உயிரை வாங்கியது. கேபிள், போர்ட் மாற்றியாச்சு, கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தாச்சு, பலனில்லை. மதர்போர்டு உள் டிஸ்க்கின் 'டெபியன்' ஃபோல்டரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. வெளி டிஸ்க் என்றால் ஈஎஃப்ஐ பகுதியின் (கணினியை எழுப்பும் கோப்புகள் இருக்கும் இடம்) 'பூட்' ஃபோல்டரில் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, சிஎச்ரூட் கட்டளையால் நகலுக்குள் போய், கிரப் என்ற பூட் லோடரை நிறுவும் கிரப்-இன்ஸ்டாலை 'ரிமூவபிள்' தெரிவோடு ஓட்டினேன், மெனுவில் வந்துவிட்டது.

சரி, முடிந்தது என்று பார்த்தால் இன்னொரு கூத்து: எது எந்த டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது என்று காட்டும் ஃபைண்ட்எம்என்ட்டில் ரூட் (சிஸ்டத்தின் மூலப் பகுதி) இன்னும் உள் டிஸ்க்! டிடி நகலில் யூயூஐடியும் (பகுதியை அடையாளம் காட்டும் எண்) ஒன்றேதான், அதனால் குழப்பம். டியூன்2எஃப்எஸ் கட்டளையால் நகலுக்குப் புது யூயூஐடி கொடுத்து, எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் மாற்றி, கிரப்பை மறுபடி நிறுவி, அதன் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப்பும் ஓட்டிய பிறகு இரண்டு டிஸ்க்கும் செருகியிருக்கும்போதே நகல் தானாக எழுந்தது.