ஓசியாவை முதன்முறை வாசிப்பவர்களுக்கு: சிலைவணக்கம் ஏன் துரோகம் ஆனது?

எபிரேய தீர்க்கதரிசிகள் சிலைவணக்கத்தைக் கண்டிக்கும்போது, கல்லையும் மரத்தையும் தாண்டி உடைந்துபோன ஒரு மணவாழ்வைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வலியை உணர, பைபிளின் பழைய ஏற்பாட்டில் ஓசியா என்ற தீர்க்கதரிசியின் நூலில் முதல் மூன்று அதிகாரங்களில் தொடங்குங்கள். மொத்தம் 39 வசனங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும்.

படி 1: காலமும் இடமும். கி.மு. 8ஆம் நூற்றாண்டு, வட இஸ்ரவேல். வானம் பார்த்த பூமி. பாகாலோ கானானியரின் மழைத் தெய்வம். விதைத்தவனின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 2: முதல் அதிகாரத்தில் ஓசியாவின் மனைவி கோமேரின் பிள்ளைகளுடைய பெயர்களை அடிக்கோடிடுங்கள். லோருகாமா என்றால் 'இரக்கம் பெறாதவள்'. லோகம்மீ என்றால் 'என் ஜனமல்ல'.

படி 3: இங்கே அவசரம் வேண்டாம். 2:5, 2:8 (இரண்டாம் அதிகாரத்தின் 5, 8ஆம் வசனங்கள்) இரண்டையும் அருகருகே எழுதுங்கள். இங்கே 'அவள்' என்பது, கடவுளின் மனைவியாக உருவகிக்கப்படும் இஸ்ரவேல். அப்பமும் தண்ணீரும் எண்ணெயும் தன் காதலர்கள் தந்தவை என்கிறாள் அவள். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் தந்தவர் தாமே என்பதை அவள் அறியவில்லை என்கிறார் கடவுள். அவர் பெருகச்செய்த வெள்ளியும் பொன்னும்கூடப் பாகாலுக்குப் போய்விட்டன. என்னை மிகவும் உலுக்கும் இடம் இதுதான். வாங்கிய கை தந்தவரையே மறந்துவிட்டது.

இவற்றுக்குச் சற்று முன்னால் 2:3 வரும். அவளை நிர்வாணமாக்குவேன் என்ற மிரட்டல் அது. கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகாதீர்கள். ஒரு நாட்டைப் பற்றிய உருவகம் இது. மனைவியைத் துன்புறுத்த எந்தக் கணவனுக்கும் இதில் உரிமை இல்லை. அப்படிப் போதிப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 4: 2:16இல் பாகாலி, ஈஷி என்ற இரு சொற்களையும் வட்டமிடுங்கள். பாகாலி என்றால் 'என் பாகால்'. எபிரேயத்தில் 'பாகால்' என்ற சொல்லுக்கு எஜமான், கணவன் என்ற பொருள்களும் உண்டு. கணவனை அழைக்கும் சொல்லிலேயே அந்நிய தெய்வத்தின் பெயர் ஒலிக்கிறது. அதனால்தான் இனி 'ஈஷி', அதாவது 'என் கணவரே' என்று மட்டும் அழைப்பாய் என்கிறார்.

படி 5: 3:2. பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து, சோரம்போன பெண்ணைத் தீர்க்கதரிசி தன்னிடம் சேர்த்துக்கொள்கிறார். துரோகம் செய்தவளுக்காக விலை கொடுப்பவர், துரோகத்துக்கு ஆளானவர்.

படி 6: அப்படியே இன்னொரு தீர்க்கதரிசியான எரேமியாவின் நூலில் 2ஆம் அதிகாரத்தைத் திறங்கள். இரண்டாம் வசனத்தில் மணப்பெண்ணின் இளவயது நேசத்தைக் கடவுள் நினைவுகூர்கிறார். 13ஆம் வசனத்தில், ஜீவத்தண்ணீர் ஊற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் நிற்காத வெடிப்புத் தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் என்று குமுறுகிறார். அந்த வசனத்தின் ஓரத்தில் 'ஓசியா 2:8' என்று பென்சிலால் எழுதிவையுங்கள்.