ஆப்கன் மாணவிக்கு இணையத்தில் கணக்குச் சொல்லித்தர

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் காபூலைப் பிடித்தபோது ஏழாம் வகுப்பில் இருந்த பெண்ணுக்கு இப்போது பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். அடுத்த ஆண்டு மார்ச் 23 அன்று ஆறாம் வகுப்புக்கு மேல் மூடியிருந்த பெண்கள் பள்ளிகளைத் திறப்பதாகச் சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு வந்த மாணவிகளை அன்று காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கணக்கு அங்கேயே நிற்கிறது.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. திருநெல்வேலியில் இருந்தபடி இப்படிப்பட்ட பெண்களுக்குப் பாடம் எடுக்கிறேன். "உலக நாடுகள் எல்லாம் சும்மாவா இருக்கின்றன?" என்று இங்கே பலர் கேட்கிறார்கள். சும்மா இல்லை. ஆப்கன் பெண்கள் ஐ.நா. அலுவலகங்களில் வேலை செய்யத் தடை போட்டதை 2023 ஏப்ரலில் பாதுகாப்பு மன்றம் ஒருமனதாகக் கண்டித்தது. 2025 ஜூலையில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்சாதாவுக்குப் பிடியாணை பிறப்பித்தது. இரண்டும் தேவைதான். ஆனால் இருபடிச் சமன்பாட்டைப் பாதுகாப்பு மன்றம் வந்து சொல்லித்தராது. அதை நீங்களும் நானும்தான் செய்ய வேண்டும்.

முதல் வேலை, மாணவியை நீங்களாகத் தேடாமல் இருப்பது. சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாத பெண்ணுக்குச் செய்தி அனுப்பினால் ஆபத்து அவளுக்குத்தான். ஆப்கன் பெண்களுக்கு இணையவழிக் கல்வி தரும் அமைப்பு ஒன்றின் வழியாகச் செல்லுங்கள். அவர்கள் உங்கள் அடையாள ஆவணங்களைக் கேட்பார்கள், நேர்காணல் வைப்பார்கள். எதுவும் கேட்காமல் மாணவியின் எண்ணைக் கையில் கொடுக்கும் இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அவளுடைய உண்மைப் பெயர், மாகாணம், அப்பாவின் வேலை எதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவள் சொன்னாலும் எழுதி வைக்காதீர்கள். கேமராவைத் திறக்கச் சொல்லாதீர்கள். வகுப்பைப் பதிவு செய்யாதீர்கள். "என் ஆப்கன் மாணவியுடன்" என்று படம் போடும் ஆசை இருப்பவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம். பல வீடுகளில் போன் அண்ணனுடையது அல்லது அப்பாவுடையது. ஆகவே எப்போது செய்தி அனுப்பலாம் என்பதை அவளே சொல்லட்டும். பேச முடியாத நாளில் எழுதிக் காட்டட்டும். 2024 ஆகஸ்டில் வந்த சட்டம் பெண்ணின் குரலையே மறைக்க வேண்டியது என்கிறது; அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று அவள் தயங்கினால் காரணம் விசாரிக்காதீர்கள்.

காபூல் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். நமக்கு மாலை ஆறு என்றால் அங்கே ஐந்து. வெள்ளிக்கிழமை விடுமுறை. அவர்கள் நாட்காட்டி வேறு என்பதால் தேதிக்குப் பதிலாகக் கிழமையைச் சொல்லுங்கள்.

கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் தாரி, பஷ்தோ மொழிகள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டாலும் எண்களை இடமிருந்து வலமாகத்தான் எழுதுகிறார்கள். அவர்களுடைய சுழியம் வெறும் புள்ளி. ஐந்து, அவசரமாகப் பார்த்தால் நம் சுழியம்போல இருக்கும். வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பும்போது ஐம்பதைத் தப்பாகப் படித்துவிட்டு, அவள் கணக்குத் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தொடக்கத்திலேயே இரண்டு வகை எண்களையும் ஒரே தாளில் எழுதி, உங்களிடம் ஒன்றும் அவளிடம் ஒன்றுமாக ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு எதுவானாலும் பின்னத்திலிருந்து தொடங்குங்கள். பின்னம் உறுதியாக இருந்தால் இயற்கணிதம் தானாக ஏறும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதேதான்.

மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் கடைசியில் நாடு முழுக்கவே இரண்டு நாள் இணையத்தை நிறுத்தினார்கள். எனவே இரண்டு வாரத்துக்கான பயிற்சிக் கணக்குகள் எப்போதும் அவளிடம் முன்கூட்டியே இருக்கட்டும். சிறிய கோப்பாக, பக்கத்துக்கு ஒரு படமாக அனுப்புங்கள். காணொளி வேண்டாம். பாரிஸிலிருந்து செயற்கைக்கோள் வழியே வரும் பேகம் டிவி ஆப்கன் பாடத்திட்டப்படி பாடங்களை ஒளிபரப்புகிறது. வீட்டில் டிஷ் இருந்தால் பாடத்தை அதில் பார்க்கட்டும், உங்களோடு கணக்குப் போடட்டும்.

அவள் சில வாரம் காணாமல் போனால் துரத்தித் துரத்திச் செய்தி அனுப்பாதீர்கள். அமைப்பிடம் மட்டும் சொல்லுங்கள். விசா வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். பணமும் அனுப்பாதீர்கள், வங்கி வழியில்லாமல் கைமாற்றும் ஹவாலா இங்கே சட்டவிரோதம், அங்கே அவளை மாட்டிவிடும். கொடுக்க மனமிருந்தால் யூனிசெஃபுக்குக் கொடுங்கள்.

மருத்துவச்சி ஆக வேண்டும் என்று நிறையப் பெண்கள் சொல்வார்கள். அந்தக் கதவும் 2024 டிசம்பரில் மூடப்பட்டது. பிரசவம் பார்க்க இணையத்தில் கற்றுத்தர முடியாது, அதை மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பை முன்பே முடித்தவர்களுக்கு வழி உண்டு: யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள் என்னும் இணையவழிப் பல்கலைக்கழகம் ஆப்கன் பெண்களுக்கு உதவித்தொகை தருகிறது, நம் அரசின் கலாசார உறவு அமைப்பான ஐசிசிஆரும் ஆப்கானியர்களுக்கு இணையவழிப் படிப்புக்கான உதவித்தொகையை அறிவித்திருக்கிறது. பள்ளிச் சான்றிதழ், தஸ்கிரா என்னும் அடையாள அட்டை, அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றை இப்போதே தேடச் சொல்லுங்கள். மொழிபெயர்த்து முத்திரை வாங்குவதற்கு ஆண் துணையோடு வெளியே போக வேண்டியிருக்கும், அதற்கே நாளாகும்.