ஓப்பன் டிடிடி: பால்மரத் தோட்டத்திலிருந்து முதல் ரயில் விடுவது எப்படி?

ஓப்பன் டிடிடி என்ற போக்குவரத்துக் கம்பெனி கேம் எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தண்டவாளம் போட்டு, சிக்னல் வைத்து, நெரிசலைத் தீர்க்கிற சுகத்தில் இதை அடித்துக்கொள்ள நான் விளையாடியதில் வேறு கேம் இல்லை. மனுஷனைக் கணக்கில் எடுப்பதில் இது படு மோசம். இரண்டையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம் இருக்காது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள் மடிக்கணினியோடு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரும் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பின்னணி: 1994-இல் கிறிஸ் சாயர் உருவாக்கிய டிரான்ஸ்போர்ட் டைக்கூன் மைக்ரோப்ரோஸ் வெளியீடாக வந்தது. அடுத்த ஆண்டு அதன் டீலக்ஸ் பதிப்பு. அந்த டீலக்ஸை அடிப்படையாக வைத்து 2004 முதல் ஆர்வலர்கள் திறந்த மூலநிரலாக வளர்த்துவருவதே ஓப்பன் டிடிடி. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. பழைய மடிக்கணினியிலும் முக்காமல் ஓடும். எங்கள் வட்டாரத்தில் இதுவே பெரிய பலம். கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தரும் அப்பாக்கள் இங்கே குறைவு.

முதலில் அமைப்பு

ஓப்பன் டிடிடியின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். முதல்முறை திறக்கும்போது படத்தொகுப்பு இல்லை என்று கேட்டால், அது காட்டும் இலவசத் தொகுப்பையே இறக்கச் சொல்லிவிடுங்கள். கேம் ஆப்ஷன்ஸில் நாணயத்தை மலேசிய ரிங்கிட்டாக மாற்றலாம். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. ஆனால் இணையத்தில் உதவி தேடும்போது பொத்தான்களின் பெயர் ஆங்கிலத்தில் தெரிந்திருந்தால் சுலபம். அதனால் முதல் சில நாள் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

புதிய ஆட்டம் தொடங்கும்போது நான்கு தட்பவெப்பங்கள் காட்டும். சப்-டிராபிக்கலை எடுங்கள். எல்லா வழிகாட்டிகளும் மிதவெப்ப மண்டலத்தில் நிலக்கரியை வைத்துத்தான் தொடங்கும். நமக்கு என்னத்துக்கு நிலக்கரி? சப்-டிராபிக்கலில் நம் பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம், இருக்கிறது. வரைபடம் 256க்கு 256 கட்டம் போதும், நிலம் சமதளம், தொடக்க ஆண்டு 1950. செட்டிங்ஸில் வண்டி பழுதாவதை முழுக்க நிறுத்திவிடுங்கள். நடுவழியில் புகை கக்கிக்கொண்டு நிற்கும் இஞ்சின் புதியவருக்கு எதையும் கற்றுத்தராது, எரிச்சலைத்தான் தரும்.

முதல் லைன்

1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்டார்களே, நம் நாட்டின் முதல் ரயில் பாதை, அது ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். ஈயம் தோண்டும் ஊரிலிருந்து துறைமுகத்துக்கு ஒரே கோடு. உங்கள் முதல் லைனும் அப்படித்தான் இருக்கவேண்டும்: ஒரு ரப்பர் தோட்டம், ஒரு தொழிற்சாலை, நடுவில் ஒற்றைத் தடம்.

தோட்டத்தின் மேல் சொடுக்கினால் போன மாதம் எவ்வளவு உற்பத்தி, அதில் எத்தனை சதவீதம் ஏற்றப்பட்டது என்று காட்டும். இங்கே ஒரு வேடிக்கை. இந்த கேம் ரப்பரை லிட்டரில் அளக்கிறது. ஷீட்டாக இல்லை, பாலாக! தோளில் காண்டாக் கம்பு போட்டு வாளி சுமந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் காட்டுங்கள், சிரிப்பார்.

உற்பத்தி அதிகமுள்ள தோட்டத்தையும், அதிலிருந்து 60 முதல் 80 கட்டம் தள்ளி இருக்கும் தொழிற்சாலையையும் தேர்ந்தெடுங்கள். தூரம் ஏன் முக்கியம் என்றால், வருமானம் சரக்கின் அளவு, இரண்டு ஸ்டேஷன்களுக்கும் இடையிலான தூரம், எடுத்துக்கொண்ட நாட்கள் ஆகிய மூன்றையும் வைத்தே வருகிறது. பக்கத்திலிருக்கும் ஆலைக்குக் கொண்டுபோனால் கைச்செலவுக்குக்கூடத் தேறாது. அதேசமயம் தடத்தைச் சுற்றிவளைத்துப் போட்டாலும் கூலி கூடாது. ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே எத்தனை கட்டம் என்றுதான் எண்ணும்.

கையில் இருப்பது பவுண்டுக் கணக்கில் 100,000, அதுவும் கடன். வழக்கமான அமைப்பில் 300,000 வரை வாங்கலாம், வட்டி குறைவு. பயப்படாமல் முழுதும் வாங்குங்கள். நிஜத்தில் இந்த அறிவுரையைப் பின்பற்றவேண்டாம்.

ரயில் கருவிப்பட்டையில் ஸ்டேஷனை எடுத்து, ஐந்து கட்ட நீளம், இரண்டு பிளாட்பாரம் என்று வையுங்கள். இஞ்சினும் பெட்டியும் ஒவ்வொன்றும் அரைக் கட்டம் பிடிக்கும். ஐந்து கட்டத்தில் இஞ்சினோடு சேர்த்துப் பத்து அடங்கும். ஸ்டேஷன் தன்னைச் சுற்றி நான்கு கட்டம் வரைதான் எட்டும். ஸ்டேஷன் ஜன்னலில் 'கவரேஜ்' காட்டும் பொத்தானை அழுத்திவைத்தால், வைப்பதற்கு முன்பே கீழே ஒரு வரி ஓடும். தோட்டப் பக்கம் 'சப்ளைஸ்' வரிசையிலும், ஆலைப் பக்கம் 'அக்செப்ட்ஸ்' வரிசையிலும் ரப்பர் என்று வரவேண்டும். வராவிட்டால் ரயில் நிரம்பிப்போய் நிரம்பியே திரும்பும்.

தடம் போட ஆட்டோரெயில் கருவி. மவுஸை இழுத்தால் போதும். மேட்டில் ஏற்றாதீர்கள், நீராவி இஞ்சின் மூச்சு வாங்கும். வழியில் மரங்களை வெட்டித் தள்ளினால் ஊர் நிர்வாகம் கோபித்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு அனுமதி மறுக்கும். சுற்றுப்புறத்தில் நாலு மரம் நட்டால் சமாதானமாகிவிடும்.

பிறகு தடத்தை ஒட்டி டெப்போ என்ற ரயில் கொட்டகை, அதில் ஒரு இஞ்சின், ரப்பர் பெட்டிகள் வாங்குங்கள். ஆர்டர்ஸ் ஜன்னலில் தோட்ட ஸ்டேஷனைச் சொடுக்கி 'ஃபுல் லோட்' தேர்ந்தெடுங்கள். அடுத்து ஆலை ஸ்டேஷன். அங்கே எதுவும் சொல்லவேண்டாம், தானே இறக்கும். கீழே சிவப்புக் கொடியை அழுத்தினால் ரயில் கிளம்பிவிடும்.

இரண்டாவது ரயிலும் சிக்னலும்

இங்கேதான் பலர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். இங்கேதான் கேமின் உயிரும் இருக்கிறது.

ஒற்றைத் தடத்தில் இரண்டாவது ரயிலை விட்டால் எங்கோ ஓரிடத்தில் எதிரெதிரே வரும். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான மின்மய இரட்டைத் தடம் 2014-இல் முடிந்தது. அதற்குமுன் எங்கள் ஊர் வழியாகப் போன ரயில்கள் ஸ்டேஷனில் ஒதுங்கி நின்று எதிர் ரயிலுக்கு வழிவிட்டதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த ஒதுங்கும் தடத்தைத்தான் நீங்களும் நடுவழியில் போடப்போகிறீர்கள். தடத்தின் நடுவே பக்கத்திலேயே இன்னொரு தடம், இரு முனையிலும் பிரதான தடத்தோடு இணைப்பு. நீளம் முழு ரயிலும் நிற்கும் அளவு, அதாவது குறைந்தது ஐந்து கட்டம். வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் போட்டதற்குப் பயனில்லை.

இப்போது சிக்னல். பாத் சிக்னலில் இருவழி, ஒருவழி என்று இரண்டு இருக்கும். ஒருவழியை எடுங்கள். ஒதுங்கும் இடத்தின் மேல் தடத்தில், கிழக்கே போகும் ரயில் வெளியேறும் முனையில் ஒன்று. கீழ்த் தடத்தில், மேற்கே போகும் ரயில் வெளியேறும் முனையில் ஒன்று. அவ்வளவுதான். பாத் சிக்னல் செய்வது என்னவென்றால், தன் முன்னே அடுத்த பாதுகாப்பான நிறுத்தம் வரை வழி முழுதும் காலியாக இருந்தால் அதை அந்த ரயிலுக்குப் பிடித்துவைத்து விடும். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்தும்.

போன விடுமுறையில் ஒரு பையன், படிவம் இரண்டு படிப்பவன், திரையைத் திருப்பிக் காட்டினான். "அண்ணே, ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்குது லா. ஆறு மாசமா நகரல." ஆறு மாதம் கேம் கணக்கில், நிஜத்தில் ஏழு நிமிடம்கூட இல்லை. பார்த்தால், தடம் நெடுக நாலு கட்டத்துக்கு ஒன்று என்று சிக்னலை இழுத்து நட்டுவைத்திருக்கிறான். இழுத்தால் வரிசையாக வைக்கும் வசதி இருக்கிறது, அழகாகவும் தெரிகிறது, விட்டானா? ஒற்றைத் தடத்தின் நடுவில் சிக்னல் இருந்தால், ரயில் 'இது நிற்கத் தகுந்த இடம்' என்று நம்பி அங்கே வந்து நிற்கும். எதிர் ரயில் அந்தச் சிக்னலின் முதுகுப்பக்கமாக நுழைந்துவிடும். முடிந்தது கதை.

"இந்தச் சிக்னல் முன்னாடி ரயில் நின்னா யாருக்கும் இடைஞ்சல் இல்லையா?" என்று ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்டேன். தோட்டத்துக்குள் லாரி ஒன்று மட்டும் போகிற மரப்பாலத்தில் எந்த டிரைவரும் நடுவில் நிறுத்த மாட்டார், கரையில்தான் நிற்பார். கரை எது, பாலம் எது என்று அவனே பிரித்து, புல்டோசரால் நடுவிலிருந்த எல்லாச் சிக்னலையும் எடுத்தான். ஒரு ரயிலைப் பின்னால் திருப்பிவிட்டதும் மற்றது ஒதுங்கும் தடத்தில் புகுந்துகொண்டது.

ரயில் நிற்கக்கூடிய இடத்தில் மட்டும் சிக்னல். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எந்தச் சந்திப்பையும் கட்டலாம். ஸ்டேஷனில் இரண்டு பிளாட்பாரம் இருந்தால், தடம் பிரிவதற்குமுன் ஒரு சிக்னல் வையுங்கள்; எது காலியோ அதில் ரயில் தானே நுழையும். பணம் சேர்ந்ததும் இரட்டைத் தடமாக்கி, ஒவ்வொன்றையும் ஒருவழியாக்கிவிடுங்கள். அப்போது நாலு கட்டத்துக்கு ஒரு சிக்னல் தாராளமாக வைக்கலாம், எல்லா ரயிலும் ஒரே திசையில் போவதால்.

சரக்கு ஏன் குறைகிறது?

தோட்டத்தில் விளைவது அத்தனையும் உங்கள் ஸ்டேஷனுக்கு வராது. ஸ்டேஷனுக்கு ஒரு மதிப்பு சதவீதம் உண்டு, அந்த விகிதம்தான் வரும். கடைசியாக ரயில் எப்போது ஏற்றியது, அதன் வேகம், வண்டியின் வயது, எவ்வளவு சரக்கு தேங்கிக் கிடக்கிறது, இவை சேர்ந்து அந்த எண்ணைக் கூட்டும் குறைக்கும். எப்போதும் ஒரு ரயில் பிளாட்பாரத்தில் ஏற்றிக்கொண்டே நின்றால் மதிப்பு நன்றாக இருக்கும். 'ஃபுல் லோட்' போடச் சொன்னதும் இரண்டு பிளாட்பாரம் கேட்டதும் இதற்காகத்தான். 60 சதவீதத்துக்கு மேல் எடுத்துப் போய்க்கொண்டிருந்தால் தோட்டத்தின் உற்பத்தியே கூடும் வாய்ப்பும் அதிகம்.

ஆலையில் ரப்பர் இறங்கியதும் 'கூட்ஸ்' உற்பத்தியாகும். அதைத் தனி ரயிலில் பெரிய ஊருக்குக் கொண்டுபோங்கள். உயரமான கட்டடங்கள் உள்ள ஊரின் நடுப்பகுதியில்தான் வாங்குவார்கள், அங்கேயும் 'அக்செப்ட்ஸ்' வரியைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் வையுங்கள்.

சறுக்கும் இடங்கள்

பணம். முதல் சில ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டும். அதன்பிறகு தவறான முடிவு எடுத்தாலும் வலிக்காது. போட்டிக் கம்பெனி வேண்டுமென்றால் ஏஐயைத் தனியாக இறக்கிக்கொள்ளவேண்டும், தொகுப்போடு வருவதில்லை.

காலம் இன்னொரு தொல்லை. கேமில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய இரண்டு நொடி. பக்கத்து ஊருக்குப் போக ரயிலுக்கு வாரக்கணக்கில் ஆகும். நம் இடிஎஸ் மின்சார ரயில்போல காலை 7:10க்கு ஒன்று, 9:10க்கு இன்னொன்று என்று கால அட்டவணை போட ஆசைப்பட்டால் வெறுத்துப்போவீர்கள். 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில் நிஜ நிமிடக் கணக்கில் ஓட்டும் வசதி சேர்ந்தது, கொஞ்சம் பரவாயில்லை.

என் பெரிய குறை பயணிகள்தான். இயல்பான அமைப்பில் எந்தப் பயணிக்கும் போகவேண்டிய ஊர் என்று ஒன்று இல்லை. ரயில் எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கே சந்தோஷமாக இறங்கிக்கொள்வார். செட்டிங்ஸில் சரக்குப் பகிர்வு என்ற பகுதியில் பயணிகளுக்கு 'சிமெட்ரிக்' என்று மாற்றினால் ஒவ்வொருவருக்கும் சேருமிடம் கிடைக்கும். ஆட்டம் கடினமாகும், ஆனால் உயிர் வரும். முதல் வாரம் தொடவேண்டாம்.

அதை மாற்றினாலும் தீராத ஒன்று உண்டு. ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் வைத்துப் பாருங்கள், பால் வரும், ஓர் ஆள் வரமாட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயம் இல்லை, பள்ளி இல்லை, கோயில் இல்லை. பால் வெட்டுவது யார் என்றே தெரியாது. இந்த நாட்டில் தடம் போட்டதிலும் அதைப் பராமரித்ததிலும் தமிழர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கேமில் தடத்தை ஒருமுறை இழுத்துவிட்டால் ஆள் இல்லாமலே காலத்துக்கும் கிடக்கும். விருப்பப்பட்டால் பராமரிப்புச் செலவைக் கூட்டிக்கொள்ளலாம், அதுவும் ஒரு எண்தான்.

முப்பரிமாண அழகு வேண்டுபவர்கள் டிரான்ஸ்போர்ட் ஃபீவர் 2 வாங்கலாம். நல்ல கணினி வேண்டும், காசும் வேண்டும். சிமுட்ரான்ஸ் இதைப்போலவே இலவசம், அதில் பயணிகள் முதலிலிருந்தே சேருமிடத்தோடு வருவார்கள், ஆனால் பழகச் சிரமம். சிக்னல் கற்றுக்கொள்ள ஓப்பன் டிடிடிதான் சரி.

கூட்ஸ் ரயிலும் ஓட ஆரம்பித்துவிட்டால் நண்பரைக் கூப்பிடுங்கள். ஒரே வைஃபையில் இரண்டு மடிக்கணினி இருந்தால் சேர்ந்து விளையாடலாம், ஒரே கம்பெனியையும் இருவரும் நடத்தலாம். ஒருவர் தடம் போட மற்றவர் ரயில் வாங்கட்டும். பதிப்பு எண் இரண்டிலும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விடாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.