பழைய வீட்டின் ஓதச் சுவரை நாமே பூசலாம்: முதல்முறை செய்பவர்களுக்கு

சிந்தாதிரிப்பேட்டையில் என் கணவருடைய தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறோம். கூடத்துச் சுவரில் ஒவ்வொரு கார்த்திகையிலும் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறும். தை பிறந்ததும் காரை பொரிந்து கொட்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் அதைச் சிமெண்டால் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தோம். இரண்டு மழைக்காலம் பளபளவென்று இருந்தது. மூன்றாவதில், சிமெண்ட் பூசிய இடத்துக்கு மேலே, அதுவரை ஒழுங்காக இருந்த சுவர் உப்பிக்கொண்டு வந்தது. சிமெண்டைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே செங்கல் டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி இருந்தது.

காரணம் எளிது. பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக மெல்ல வெளியேறிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் தண்ணீர் இன்னும் மேலே ஏறி வேறு வழி தேடியது. அதனால் போன வருடம் மறுபடி சுண்ணாம்புக்கே வந்தோம். பத்தடி நீளம், நான்கடி உயரச் சுவர். கொத்தனார் இல்லாமல் நானும் கணவரும் பூசினோம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், உங்கள் சுவர் சுண்ணாம்புதானா?

பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கற்களுக்கு நடுவே இருக்கும் சாந்தை ஒரு சாவியால் சுரண்டுங்கள். வெள்ளையாகவோ லேசான சிவப்பாகவோ பொடிப்பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்று சாவியைத் தேய்த்தால் சிமெண்ட். சிமெண்டில் கட்டிய வீடு என்றால் நான் சொல்லப்போகும் வைத்தியம் அதற்குப் பொருந்தாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பலரும் தாண்டிப் போகிற இடம் இது. ஒரு அடிச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

சுவருக்குள்ளிருந்துதான் என்றால் அடுத்து வெளியே போய்ப் பாருங்கள். ஓதம் கீழிருந்து ஒரே சீராக ஏறியிருந்தால் தரை ஈரம். ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் அதன் பின்னால் குழாய் கசிகிறது. மேலிருந்து இறங்கினால் மாடியில் மழைநீர்த் தூம்பு அடைத்திருக்கும். அரச மரக் கன்று ஒன்றும் அங்கே முளைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் முதல் வகை. கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே வந்ததாக அத்தை சொல்வார். தெருவுக்கு மேல் தெரு போட்டு, இப்போது ஒரு படி இறங்கித்தான் வருகிறோம். மழைநீர் சுவரோரம் தேங்காமல் என்ன செய்யும்? சுவரை ஒட்டிச் சேர்ந்திருந்த மண்ணையும் இடிபாட்டையும் ஒரு முழ அகலத்துக்கு வாரி எடுத்து, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுத்தோம். இந்த ஒரு வேலைக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. இதைச் செய்யாமல் உள்ளே பூசுவது வீண்.

நாம் கை வைக்கக் கூடாதவை

மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், அதாவது மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைக்கு மூலை அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மச்சாக இருந்தால், சட்டங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அதேபோல் விரல் நுழையும் அளவுக்குச் சுவரில் சாய்வாக விரிசல் ஓடினாலும், விரிசல் மாதாமாதம் அகலமானாலும் அங்கேயே நிறுத்துங்கள். கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஜன்னல், கதவின் பழைய எனாமல் பெயிண்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டின் தூசியில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆபத்து. நனைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து எடுங்கள்.

கொத்துவது

பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. அக்னி நட்சத்திரத்தில் பூசினால் பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள். பழைய வீட்டில் எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் பெயர வேண்டியது. ஓதக் கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு அடி சேர்த்துக் கொத்துங்கள், உப்பு அதுவரை போயிருக்கும். உளியைச் சாய்த்துப் பிடித்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் போதும். செங்கல் நடுவே சாந்து மாவாகியிருந்தால் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். புதுப் பூச்சுக்கு அதுதான் பிடிமானம். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

அடுத்த சில நாட்களில் செங்கல்மேல் வெள்ளையாக உப்பு பூக்கும். கழுவிவிடலாம் என்று தோன்றும். கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்து, கீழே விரித்த தாளில் சேர்த்து வெளியே கொட்டுங்கள். நாங்கள் ஆறு வாரம் சுவரை அப்படியே திறந்து போட்டு, ஞாயிறுதோறும் தேய்த்தோம். விருந்தாளிகள் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பரவாயில்லை.

கலவை

சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வீட்டில் நீற்ற முயலாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். நீற்றிய சுண்ணாம்பே தூளாக மூட்டையில் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் குழைத்து, மூடிய பிளாஸ்டிக் வாளியில் ஒரு வாரம் ஊறவிட்டால் தயிர் போல் ஆகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி என்கிற செங்கல் தூள் ஒரு பங்கு, பூச்சு மணல் இரண்டு பங்கு. எங்கள் நாற்பது சதுர அடிக்கு, 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் சுண்ணாம்பு ஒன்றேகால், செங்கல் தூள் ஒன்றேகால், மணல் இரண்டரை வாளி பிடித்தது. செங்கல் தூள் நிறத்துக்காகச் சேர்ப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெறும் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் மெல்ல இறுகும். செங்கல் தூள் சேர்ந்தால் ஈரமான சுவரிலும் பிடித்துக்கொள்ளும். அதிகம் வேகாத நாட்டுச் செங்கலை இடித்துச் சலித்த தூள் நல்லது. சணலை ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்கி ஒரு கைப்பிடி பிரித்துப் போட்டால் வெடிப்பு குறையும்.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். போர் தண்ணீர் உப்பாக உள்ள வீட்டில் அதை ஊற்றிக் கலந்தால், தேய்த்து எடுத்த உப்பை நாமே திரும்பச் சுவரில் வைத்ததாகிவிடும். மெட்ரோ தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பது பழைய வழக்கம். நாங்கள் ஒரு மூலையில் மட்டும் சேர்த்துப் பார்த்தோம். எறும்பு வந்ததுதான் கண்ட பலன். முதல்முறை செய்பவர்கள் விட்டுவிடலாம்.

பூசுவது

முதல் நாள் மாலையும் பூசும் நாள் காலையும் சுவரை நனையுங்கள். சொட்டக் கூடாது, குளிர்ந்திருந்தால் போதும். உலர்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பூச்சு ஒட்டாது.

கொத்தனார் பூசும் கரண்டியில் கலவையை எடுத்து, கீழிருந்து மேலாக அழுத்தி இழுங்கள். முதலில் பாதி தரையில் விழும். எனக்கு முக்கால் விழுந்தது. தரையில் சாக்கு விரித்திருந்தால் அதை அள்ளித் திரும்பப் பூசலாம், சுண்ணாம்பு அவசரப்படுத்தாது. சிமெண்டைவிட இது ஆரம்பக்காரர்களுக்கு நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மட்டப்பலகையால் இழுத்துச் சமப்படுத்தி, மேல்பரப்பைக் கரண்டி நுனியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள்.

கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதம் வர எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. அப்புறம் இரண்டாவது பூச்சு, இதுவும் அதே கனம். இதை மணியாசுக் கட்டையால், அதாவது கைப்பிடி வைத்த தேய்ப்புப் பலகையால், வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டு, மறுநாள் முடி போன்ற வெடிப்புகள் தெரிந்தால் லேசாக நீர் தெளித்து மறுபடி அழுத்தித் தேயுங்கள். மூடிக்கொள்ளும்.

ஒரு வாரம் தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளியுங்கள். அந்த அறையில் மின்விசிறி போடக் கூடாது. வீட்டில் சண்டை வந்தது இதற்குத்தான்.

வெள்ளை

பூச்சின் மேல் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டால் மறுபடி பழைய கதைதான். சுண்ணாம்பையே கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மோர் பதத்தில் அடியுங்கள். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, தண்ணீர் அடித்த மாதிரி இருக்கும். பயந்துபோய்க் கெட்டியாகக் கலக்காதீர்கள், அப்படி அடித்தால் காய்ந்ததும் செதிலாக உரியும். மறுநாள் காலையில் தானாக வெளுத்திருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கு கை அடித்தோம். கடைசிக் கையில் ஒரு சிட்டிகை நீலம்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஆணி அடிக்க மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அதுவரை அத்தையின் முருகன் காலண்டர் எங்கள் வீட்டில் நாற்காலிமேல் உட்கார்ந்திருந்தது.